காலாண்டு விடுமுறையில் மறைக்கல்வி ஆசிரியர்கள் என்ன செய்கிறீர்கள்? (கருத்தரங்கு வேண்டாம்)

சாக்பீஸ்தூள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அதோடு வாரத்துக்கு இரண்டு பீரியட் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் நன்னெறி வகுப்புக்குப் போய்விடுவார்கள்). ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குக் கோயிலில் புதுநன்மை வகுப்பும் (முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு) என் தலையில்தான். பதினோரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் என் சித்தி இறந்துபோனார்கள். என்னை வளர்த்தவர்கள். அடக்கத் திருப்பலியில், செத்துப்போன லாசரை இயேசு உயிரோடு எழுப்புகிற நற்செய்தி வாசித்தார்கள், மார்த்தா எதிரே ஓடிவந்து நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று கேட்கிற இடம் வந்தது. அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? இதை நாலு கட்டமாகச் சார்ட்டில் போட்டால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும், கல்லறைக் கல்லைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிவிடலாம். பெட்டி எனக்கு நாலடி முன்னால் இருக்கிறது, நான் தெர்மாகோலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரே உறுத்தல். யோசித்துப் பார்த்தால் இது ஆகஸ்டில் ஆரம்பித்தது இல்லை, ரொம்ப நாளாகவே இப்படித்தான். விவிலியத்தைத் திறந்தால் ஆறாம் வகுப்புக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் மனது போகிறது. சாமியார் பிரசங்கத்தில் நல்ல கதை ஒன்று சொன்னால் உடனே கைப்பை திறந்து நோட்டில் குறித்துக்கொள்கிறேன். எனக்கென்று ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை.

காலாண்டு விடுமுறை ஒன்பது நாள். விடைத்தாள் திருத்த இரண்டு நாள், அம்மா வீடு, சில்லறை வேலைகள் எல்லாம் போக நாலு நாள் எனக்குக் கிடைக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நீங்களெல்லாம் என்ன செய்வீர்கள்? ஒரே வேண்டுகோள்: பவர்பாயிண்ட் போட்டு நடத்துகிற புத்தாக்கப் பயிற்சி எதையும் சொல்லாதீர்கள். வேன் வைத்துத் திருத்தலப் பயணமும் வேண்டாம். போன வருடம் போனேன், மூன்று நாளில் ஏழு கோயில், நாற்பது பேர். யார் ஏறினார்கள் யார் ஏறவில்லை என்று எண்ணுகிற வேலையை டீச்சர்தானே என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் எழுதியது:

தங்கச்சி, முதலில் தூங்கு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருடம் இந்த வேலை பார்த்தவள் சொல்கிறேன், நாலு நாள் கிடைத்தால் முதல் நாள் தூக்கத்துக்குத்தான். விவிலியத்தில் இறைவாக்கினர் எலியா சூரைச்செடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு என் உயிரை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்கிறார், வானதூதர் வந்து பிரசங்கமா செய்தார்? தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்து எழுந்து சாப்பிடு என்றார். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார்! இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடு போட்ட பிறகுதான் ஓரேபு மலைக்கு நடக்கவே விட்டார். கடவுள் அவரிடம் பேச வந்த அந்த மெல்லிய ஒலியெல்லாம் அதற்கும் நாற்பது நாள் தள்ளித்தான். நாம் என்னடா என்றால் சனிக்கிழமை ராத்திரி பரீட்சைத்தாளைக் கட்டி வைத்துவிட்டு ஞாயிறு காலையிலேயே மெல்லிய ஒலி கேட்கவில்லையே என்று அழுகிறோம்.

அப்புறம் அந்த வாரத்து நாள்காட்டியைப் பார். செப்டம்பர் 30 எரோணிமுஸ், விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்தவர், அக்டோபர் 1 சிறுமலர் தெரேசா, 2 காவல் தூதர்கள், 4 அசிசியார். தினமும் காலைப் பூசைக்குப் போனாலே போதும், வேறு அட்டவணை வேண்டாம். தெரேசம்மாளும் நம் இனம்தான், நவசந்நியாசிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலையை இருபது வயதில் அவள் தலையில் கட்டினார்கள். செபிக்கும்போது தூங்கிவிடுகிறேன் என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள், பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற) உன் பங்கில் போகாதே. அந்தச் சாமியாரோடுதான் திங்கட்கிழமை நீ மறைக்கல்வி விழாவுக்குப் பந்தல் பேச வேண்டும், மனது எப்படித் திறக்கும்? பஸ் ஏறி, உன்னை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போ.

இன்னொன்று. எங்கள் தாத்தா கிராமத்தில் உபதேசியார். சின்னக் குறிப்பிடம் என்கிற பழைய மறைக்கல்விப் புத்தகம் முழுக்க மனப்பாடம், நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் கேள்வி பதில் வரிசை மாறாமல் வரும். அறுப்பு முடிந்ததும் பக்கத்து ஊருக்கு நடந்துபோய், அங்கே அந்த ஊர் உபதேசியார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரும் கூடச் சேர்ந்து பதில் சொல்வாராம். பாட்டி சொல்லிச் சிரிப்பாள், தெரிந்ததையே கேட்க ஆறு மைல் நடக்கிற மனுஷன் என்று. எனக்கும் வெகுகாலம் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. நீ இந்த நாலு நாளில் ஏதாவது ஓர் இடத்தில் போய்க் கேட்கிற பக்கம் உட்கார்ந்து பாரேன்.

---

இரண்டாம்வருடம் எழுதியது:

அக்கா, தவறாக நினைக்காதீர்கள், அந்த லாசர் சார்ட் போட்டீர்களா இல்லையா? போட்டிருந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள், நவம்பரில் எனக்கு அதே பாடம். (உங்கள் சித்திக்காக இன்று ஒரு செபமாலை சொல்கிறேன். உண்மையாகவே.)

---

கோட்டாறுக்காரன் எழுதியது:

டீச்சரம்மா சொன்னதில் தூக்கம் சரி. ஆனால் வீட்டில் இருந்துகொண்டு நாலு நாள் என்பது நடக்காத காரியம், காலையில் கேஸ்காரர் வருவார், மத்தியானம் நாத்தனார் வருவார். ஒரு நாளாவது வெளியே போய்விடுங்கள், கூட்டத்தோடு வேண்டாம், தனியாக.

எங்கள் பக்கம் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை இருக்கிறது. கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயத்தை 1752 ஜனவரி 14ஆம் தேதி சுட்டுக் கொன்ற இடம். 2022 மே மாதம் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, இருந்தாலும் வார நாளில் காலை நேரம் போனால் பாறையில் நிம்மதியாக உட்காரலாம். கணவாய்க் காற்று காதில் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒருவர் பேசினாலும் கேட்காது, அதுவே ஒரு வசதி. மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு, கல்லை எடுத்துத் தட்டினால் மணி மாதிரி கணீரென்று சத்தம் வரும். போகிற பிள்ளைகள் எல்லோரும் தட்டுவார்கள், நானும் நாற்பத்தைந்து வயதில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவர் நினைவு வந்ததற்கு வேறு காரணம். தேவசகாயத்துக்கு முதலில் மறைக்கல்வி சொன்னது சாமியாரோ உபதேசியாரோ இல்லை, டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் படையில் இருந்த டிலனாய் என்கிற தளபதி. மாடு சாகிறது, பயிர் போகிறது, மனுஷன் நொந்துபோய் இருக்கிறார், அந்த நேரத்தில் டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார் என்பதுதான் எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்கிற வரலாறு. பிறகுதான் வடக்கன்குளம் போய் 1745இல் ஞானஸ்நானம். டிலனாயிடம் பாடத்திட்டமும் இல்லை, தெர்மாகோலும் இல்லை. கஷ்டத்தில் இருந்த ஒருவருக்குத் தனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னார். அவருடைய கல்லறைகூட புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, நேரம் இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள். ஒரு மறைக்கல்வி ஆசிரியர் போய் நின்றால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

---

மைக்செட் எழுதியது:

இங்கே எல்லோரும் அமைதி அமைதி என்கிறீர்கள், ஒருவராவது மறுபக்கம் சொல்ல வேண்டாமா? எனக்கு அமைதித் தியானம் ஒத்துவராது. கண்ணை மூடினால் இ.எம்.ஐ. கணக்குதான் ஓடும். மூன்று வருடத்துக்கு முன்னால் கேரளாவில் முரிங்ஙூர் தியான மையத்துக்குப் போய் ஐந்து நாள் உட்கார்ந்தேன், காலை முதல் ராத்திரி வரை பாட்டு, மைக், கைதட்டல், பக்கத்தில் ஒருவர் தேம்பி அழுகிறார், முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது, மூன்றாம் நாள் நானும் அழுதேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. படித்தவர்கள் இதை ஏளனமாகப் பேசுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. பிரசங்கத்தைக் குறித்துக்கொள்ள நோட்டு எடுத்தேன், சத்தத்தில் எதையும் எழுத முடியவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. உங்களுக்கும் அந்த வியாதிதானே?

---

தியானவீட்டு சிஸ்டர் எழுதியது:

இயேசுவுக்கே புகழ். டீச்சர், முதலில் அந்தத் தெர்மாகோல் விஷயம். நீங்கள் அதைப் பாவம் போலச் சொல்கிறீர்கள். வீட்டில் சாவு விழுந்தால் பெண்கள் போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கழுவிய செம்பையே மறுபடி எடுத்துக் கழுவுவார்கள். பெட்டியைப் பார்க்க முடியாதவர் கைக்குத் தெரிந்த வேலையைப் பிடித்துக்கொள்கிறார். உங்களுக்குத் தெரிந்த வேலை சார்ட். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, சித்திக்காக இன்னும் அழவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மைக்செட் தம்பி சொன்னது சரி, அவரவருக்கு ஒத்துவருவது வேறு. ஆனால் டீச்சருக்கு இன்னும் நாலு பிரசங்கம் கேட்டால் இன்னும் நாலு பாடக்குறிப்பு சேரும் என்பதுதான் என் பயம். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' புத்தகத்தின் தொடக்கத்திலேயே, இரண்டாவது குறிப்பில், நிறைய அறிவதால் ஆன்மா நிறைவதில்லை, உள்ளே உணர்ந்து சுவைப்பதால்தான் நிறைகிறது என்கிற பொருளில் எழுதுகிறார். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். சமையல்காரருக்குப் பசிக்காது என்பார்களே, நாள் முழுக்க ருசி பார்த்தே வயிறு மந்தமாகிவிடும், அந்த மாதிரி.

தியான இல்லத்துக்குப் போவதாக இருந்தால் போன் செய்யும்போதே தனித் தியானம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், குழுத் தியானம் என்று நினைத்து அன்பியப் (பங்கின் தெருவாரிக் குழுக்கள்) பொறுப்பாளர்கள் நூறு பேரோடு சேர்த்துவிடுவார்கள். வழிநடத்த ஒருவர் தினமும் அரைமணி கிடைப்பாரா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் அறை மட்டும் எடுப்பதில் பெரிய பயன் இல்லை. முழுப் பயிற்சி முப்பது நாள், அதை எட்டு நாளாகவும் சுருக்கிக் கொடுக்கிறோம், நாலு நாளில் கொஞ்சம் நுனி தொடலாம். கொசுவர்த்தியும் போர்வையும் எடுத்துப் போங்கள். செம்பகனூர் மாதிரி மலைப்பக்கம் என்றால் ஸ்வெட்டரும் வேண்டும், அக்டோபர் குளிரும் மழையும் சொல்லிக்கொண்டு வராது.

போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. வேலை வெட்டி உள்ளவர்கள் வீட்டில் இருந்தபடியே தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்று அதே புத்தகத்தின் பத்தொன்பதாம் குறிப்பு சொல்கிறது. இப்படிச் செய்து பாருங்கள். முதல் இரண்டு நாளும் மாற்கு 6, சீடர்கள் வேலை முடித்துத் திரும்பி வருகிற இடத்திலிருந்து. சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஆள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுங்கள் என்று இயேசு கூட்டிப்போகிறார், இவர்கள் கரையேறுவதற்குள் கூட்டம் ஓடிவந்து முன்னாலேயே நிற்கிறது. அவர்களுக்குக் கிடைத்த விடுமுறை அந்தப் படகில் போன நேரம் மட்டும்தான்! நீங்கள் படகை விட்டு இறங்க வேண்டாம். கூட்டம், அப்பம், மீன் எல்லாம் அப்புறம். படகிலேயே உட்கார்ந்திருங்கள், எந்த ஓரத்தில், யார் பக்கத்தில், கால் நனைகிறதா என்று பாருங்கள். மூன்றாம் நாள் முடிந்தால் யோவான் 11, அந்த லாசர் பகுதி. முடியாவிட்டால் வேண்டாம்.

பேனா அந்த அறைக்குள் வரக்கூடாது. பென்சிலும்தான், எனக்கு டீச்சர்களைத் தெரியும். பாடக்குறிப்பு ஓடினால் விரட்டாதீர்கள், விரட்டினால் இரண்டாக வரும். சரி, ஆறாம் வகுப்புக்கு இது, எனக்கு என்ன என்று மறுபடி படகுக்கு வாருங்கள். ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை வர வேண்டியிருக்கும். ராத்திரி படுக்குமுன் கால்மணி நேரம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள், நன்றி சொல்ல ஏதாவது இருக்கிறதா, எங்கே மனது இறுகியது, அவ்வளவு போதும்.

---

கடற்கரைப்பள்ளி எழுதியது:

சிஸ்டர் படகு என்றதும் ஞாபகம் வந்தது. சவேரியார் 1542 அக்டோபரில் நம் தூத்துக்குடியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஊர்ப் பிள்ளைகள் செபம் சொல்லிக்கொடு என்று என்னைச் செபப்புத்தகம் படிக்கவும் விடவில்லை, சாப்பிடவும் தூங்கவும் விடவில்லை என்று எழுதியிருக்கிறார். ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது, பிள்ளைகள் மாறவே இல்லை.

மணப்பாடு போகலாமே? செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழா முடிந்து கூட்டமெல்லாம் வடிந்திருக்கும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் குன்றுக்குக் கீழே அவர் தங்கிய குகையில் போய் உட்காருங்கள், அலை சத்தம் மட்டும்தான். திருச்செந்தூரிலிருந்து பஸ் இருக்கிறது. பசித்தால் ஊருக்குள் வந்துதான் சாப்பிட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று விடுமுறையின் கடைசி நாள், சொன்னதில் எதைச் செய்தேன் எதை விட்டேன் என்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீச்சரம்மா திட்டுவார்கள்.

காற்றாடிமலையும் மணப்பாடும் போகவில்லை, சின்னவனுக்குக் காய்ச்சல். தியான இல்லத்துக்குப் போன் செய்தேன், தனித் தியானத்துக்கு இடம் இல்லை என்றார்கள், டிசம்பருக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். முதல் நாள் தூங்கினேன். காலை பதினொன்றரை வரைக்கும்! மாமியார் இரண்டு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

அடுத்த நாள் பஸ்ஸில் நாற்பது நிமிடம் போய் ஒரு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வயதான சாமியார், காது கொஞ்சம் மந்தம், நான் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. தெர்மாகோல் கதையையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "சித்தி பேர் என்னம்மா?" என்று கேட்டார். நாளைக் காலைப் பூசையில் ஒப்புக்கொடுக்கிறேன் என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து செருப்பைப் போட முடியாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர், நீங்கள் சொன்னது தப்பில்லை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் மாற்கு 6 வாசித்தேன், பேனா இல்லாமல். முதல் நாள் முழுக்கச் சார்ட்தான் வந்தது, படகுக்கு நீலக் கலர் பேப்பர்கூட வெட்டி ஒட்டியாயிற்று மனதில். இரண்டாம் நாளும் பாதி அப்படித்தான். ஒரு நேரத்தில் மட்டும், எவ்வளவு நேரம் என்று தெரியாது, படகின் பின்பக்கம் சித்தி உட்கார்ந்திருந்தார்கள், ஆற்றுக்குப் போகும்போது கட்டுகிற அந்தப் பழைய பச்சைப் புடவையில். ஒன்றும் பேசவில்லை. கீழே குக்கர் விசில் கேட்டதும் போய்விட்டது. யோவான் 11 இன்னும் திறக்கவில்லை.

டீச்சரம்மா, கேட்கிற பக்கம் உட்காரச் சொன்னீர்களே. இன்று காலை பூசைக்கு அந்தப் பஸ் ஊருக்கே போனேன், முடிந்ததும் அங்கே நடந்த மறைக்கல்வி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு காலேஜ் பெண் சொல்லிக்கொடுத்தாள். காவல் தூதர் பாடம், நிறையத் தப்பு. திருத்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாம்வருடம் தம்பி, லாசர் சார்ட் போடவில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கல்லுக்குத் தெர்மாகோல் வேண்டாம், உதிரும், பழைய அட்டைப்பெட்டி போதும். எனக்கு ஏழாம் வகுப்புத் தாள் இன்னும் 31 பாக்கி, காலையில் முதல் பீரியட் அவர்களோடுதான்.